நழுவாத கிளட்ச்

அம்மா இன்று வாங்கி வந்த கிளட்ச், பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. காலையில் மெக்கானிக் வந்து மாட்டிவிடுவார். எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்கத்தில் அக்கா எதுவுமே நடக்காதது போல் குறட்டை விடுகிறாள்.

எங்கள் சலவைக்கடையில் ஈரத்துணி பிழிய இரட்டை உருளை இயந்திரம் ஒன்று இருக்கிறது. மோட்டாருக்கும் உருளையின் தண்டுக்கும் நடுவில் கிளட்ச். அதன் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றினால்தான் மோட்டாரின் சுற்று உருளைக்குப் போகும். மெல்லிய விரிப்பு என்றால் சமர்த்தாக ஓடும். விடுதிக் கம்பளி போனால் பாரம் தாங்காமல் தட்டுகள் நழுவும். மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்க, உருளை நின்றுவிடும். கீச்சென்று கத்தல், கருகல் நாற்றம். அந்தச் சத்தம் கேட்டாலே அம்மாவுக்கு உச்சந்தலை கொதிக்கும்.

"இதுக்கு எண்ணெய் போட்டு, சீராட்டி, கெஞ்சிக் கூத்தாடறதுக்கு நானே கையால பிழிஞ்சுருவேன்" என்று இன்று மதியம் கடையைப் பாதியில் போட்டுவிட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாள்.

உதிரிபாகக் கடைக்காரர் பொறுமையாகத்தான் ஆரம்பித்தார்.

"எவ்வளவு டார்க் வேணும்மா?"

"டார்க்காவது கீர்க்காவது. நழுவக் கூடாது. அவ்வளவுதான்."

"அப்படி இல்லம்மா. தண்டுக்கு எவ்வளவு முறுக்கு வேணும், எந்த பாரத்துக்கு மேல நழுவி விடணும்னு தெரிஞ்சாத்தானே..."

"நழுவவே கூடாதுன்னு சொல்றேன். எப்ப நழுவணும்னு கேக்கறீங்களே. விடிய விடியக் கதை கேட்ட மாதிரில்ல இருக்கு."

அவர் பெருமூச்சு விட்டு இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று தட்டு வைத்தது. எந்தப் பாரத்தில் நழுவ வேண்டும் என்று ஸ்பிரிங்கை முறுக்கி அளவு வைக்கலாம். இன்னொன்று பல் வைத்தது.

"இது பல்லு கோத்துக்கிட்டா விடாது. மாட்டினது எதுவா இருந்தாலும் இழுத்துக்கிட்டுத்தான் போகும்."

"இதைத்தானே மொதல்லேருந்து கேக்கறேன்."

நான் அம்மாவின் முந்தானையை இழுத்தேன். "அம்மா, தட்டு வச்சதே..."

"நீ வாயை மூடு. பரீட்சையில பாதி மார்க்கு, கிளட்ச் பாக்க வந்துட்டா."

எப்படிச் சொல்வேன்? போன மாதம் கம்பளியின் ஓரம் விரலில் சுற்றி, அக்காவின் கை உருளைக்குள் போனது. அந்த ஓட்டைக் கிளட்ச் கீச்சென்று நழுவி நின்றதால்தான் கை கையாக இருக்கிறது. நான்தான் ஓடிப்போய் மோட்டாரை அணைத்தேன். அம்மாவிடம் மூச்சு விடக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

அக்காவை உலுக்கினேன்.

"என்னடி? பேய் புடிச்சிருக்கா?"

"நாளைக்கு மாட்டறது நழுவாதாம்கா."

"நல்லதுதானே. படு."

"உன் கை மறுபடி போனா?"

அவள் விரல்களை மெல்ல மடக்கி மடக்கி நீட்டினாள்.

"அதெல்லாம் போகாது" என்றாள். குரலில் தூக்கம் போயிருந்தது.

"ராத்திரி நேரத்துல என்னடி குசுகுசுன்னு?" அம்மா விளக்கைப் போட்டாள். நான் சத்தியத்தையும் மறந்து, அழுகையும் மூக்கொழுகலுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அக்கா என்னைக் கொல்வது போல் பார்த்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அமுக்கிப் பார்த்தாள்.

"எது வரைக்கும் போச்சு?"

"மணிக்கட்டு."

அம்மா வெகுநேரம் அந்தக் கையை விடவில்லை. பிறகு பழைய எரிச்சல் திரும்பி வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ரெண்டு பேரும் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? மெக்கானிக் வந்ததும் உருளைக்கு முன்னால தடுப்புக் கம்பி போடட்டும். அதுவரைக்கும் ஒருத்தியும் அது பக்கம் போகக் கூடாது. கம்பளியை ரெண்டா மடிச்சுத் திணிக்கற வேலையும் இனிமே வேண்டாம்." என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கடைக்காரன் மூஞ்சில இப்ப எப்படிடி முழிப்பேன்? தட்டு வச்சதை மாத்தி வாங்கணும். நீதான் பெட்டியைத் தூக்கிட்டு வரணும்."

"அவர் மறுபடியும் எப்ப நழுவணும்னு கேப்பாரும்மா."

"கேக்கட்டும்" என்றாள் அம்மா. "இவ கையைக் காட்டறேன்."