நாத்தனாரிடம் வாங்கிய கைமாத்து

நாத்தனாரிடம் கைமாத்து வாங்கி, படங்களுக்குச் சட்டமும் கண்ணாடியும் போடும் பிரேம் கடையை விலைக்கு எடுத்த பெண்ணுக்கு, பணக்கட்டைத் தொட்ட நிமிடமே நாத்தனாரின் கைகளும் வந்து சேர்ந்தன. இவளுடைய கைகள் அங்கே போயின. மணிக்கட்டுக்குக் கீழே சுத்தமான மாற்றம். வலி இல்லை, தழும்பு இல்லை. வளையல்கள் மட்டும் அவரவரிடமே நின்றுவிட்டன. நாத்தனார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய விரல்கள் நீளமானவை, நகம் ஒட்ட வெட்டியவை. தெருவில் கண்ணாடிக்காரி என்று அழைக்கப்பட்ட இவளுடைய விரல்களோ குட்டையானவை, நுனியெல்லாம் பழைய கீறல். மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து இருவரும் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "டீ ஆறுது, குடி," என்றார் நாத்தனார்.

கைமாத்து வரைக்கும் அவள் எடுத்த எடுப்பிலேயே வந்துவிடவில்லை. அந்தக் கடையில் பல வருடம் கண்ணாடி அறுத்தவள் அவள். வயதான முதலாளி கடையை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னதும் முதலில் வங்கிக்குத்தான் போனாள். ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் கடைக்கடன் என்று மேலாளர் தன்மையாகச் சொல்லி, போகும்போது ஒரு காலண்டரும் கொடுத்தார். தண்டல்காரர் அன்றைக்கே தரத் தயார். ஆனால் அவருக்குத் தினமும் சாயங்காலம் கட்ட வேண்டும், பிரேம் கடைக்கோ சில நாள் ஈ கூட வராது. கட்டிவந்த சீட்டை இப்போதே ஏலம் கேட்டால் பாதி கழிவிலேயே போய்விடும். முதலாளி தவணைக்குச் சம்மதித்தார், பணம் முழுக்கத் தீரும்வரை கல்லாவில் தானே உட்காருவேன் என்று ஒரு நிபந்தனையோடு. யாரையும் கேட்காமல் கடையைத் திறந்து, யாரிடமும் சொல்லாமல் பூட்ட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசையே. அந்த நிலையில்தான் நாத்தனார் தன் சேமநிதிப் பணத்தை எடுத்து வந்தார். பத்திரம் எழுதிக்கொள்ளலாமா என்று இவள் கேட்டதற்கு, "நமக்குள்ள என்ன பத்திரம், சும்மா கைமாத்தா வெச்சுக்கோ," என்று சொல்லிப் பணக்கட்டை நீட்டினார். முதலாளி பணத்தை இரண்டு தரம் எண்ணினாரே தவிர, கொடுத்த கையைப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் கண்ணாடிகள் உடைந்தன. கண்ணாடி அறுக்கும் வைரமுனையை அளவுகோலோடு ஒட்டி ஒரே இழுப்பாக இழுத்து, மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்ட வேண்டும். நர்ஸின் கை தோலைத் தடவுவது போல மெல்ல இழுத்தது. கோடு விழவில்லை, கண்ணாடி தன் இஷ்டத்துக்குப் பிளந்தது. மீதிச் சில்லறை கொடுக்கும்போது அந்தக் கை வாடிக்கையாளரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தது. தபால்காரர் ஒருவர் தம் இதயம் தாறுமாறாகத் துடிப்பதை இப்படித்தான் தெரிந்துகொண்டு தக்க நேரத்தில் டாக்டரிடம் போனார். வீட்டில் கணவருக்குத்தான் பெரிய சங்கடம். தண்ணீர்ச் செம்பை நீட்டியது, சின்ன வயதில் தன் தலையில் குட்டிய அதே கை. மின்கட்டணம் கட்டிவிட்டேன் என்று ஒருநாள் அவர் பொய் சொன்னபோது, பழக்க தோஷத்தில் அது எழுந்து ஒரு குட்டு வைத்தது.

"இப்ப குட்டினது நீயா, அக்காவா?"

"எனக்கே தெரியலைங்க. ஆனா நியாயமாத்தான் குட்டியிருக்கு."

முதல் மாதம் எப்படியோ ஒரு சிறு தொகையைத் திருப்பிக் கொடுத்தாள். இருவரின் வலது கைச் சுண்டுவிரல் மட்டும் வீடு திரும்பியது. கணக்கு இருவருக்கும் புரிந்தது. ஆனால் உடையும் கண்ணாடிக்கே வரும்படி போனதால் அடுத்த விரலுக்கு வழியில்லை. ஆஸ்பத்திரியில் நாத்தனாரின் பாடு இதைவிட மோசம். கட்டுத்துணியைக் கத்தரித்தால் கோடு போட்டது போல நேராக வந்தது. ஊசி போடத்தான் வரவில்லை. ஒரு நோயாளியின் கையில் மூன்று இடத்தில் குத்தியதைப் பார்த்த தலைமை நர்ஸ், மாதக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் வார்டை மறந்துவிட்டுத் துணிக்கிடங்குக்குப் போகச் சொல்லிவிட்டார்.

அன்று நாத்தனார் சீருடையோடு நேராகக் கடைக்கு வந்து, உடைந்த துண்டுகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"தண்டல்காரர்கிட்ட வாங்கி உங்களுக்கு மொத்தமாக் குடுத்துடறேன் அண்ணி. உங்க கை உங்களுக்கு வந்துடும்," என்றாள் கண்ணாடிக்காரி.

"அப்புறம் தினம் சாயங்காலம் அவன் காலு உன் வாசல்ல நிக்கும். அதுக்கு என் கையே தேவலை. தப்பு பணத்துல இல்லடி, நான் வாய்விட்ட வார்த்தையில. கைமாத்துன்னேன், மாத்திடுச்சு. பங்குன்னு சொல்லிப் பாப்போமா?"

"பங்குன்னா லாபத்துல பாதி போயிடுமே அண்ணி."

"நஷ்டத்துல பாதி எனக்கு வருமில்ல? இத்தனையும் உடைச்சது யாரு கை?"

கண்ணாடிக்காரி உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளினாள். யாரையும் கேட்காமல் திறக்கும் கடை அந்த மேசையிலேயே அவளை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு நாத்தனாரோடு பத்திரம் எழுதுபவரிடம் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எந்த விகிதத்தில் பங்கு என்று கேட்டார். "சரிபாதி," என்றாள் அவள். கையெழுத்துப் போட நீட்டியபோது இருவரின் வலது கைகளும் அவரவரிடம் வந்திருந்தன. இடது கைகள் இடம் மாறியபடியே இருந்தன. பத்திரம் எழுதுபவர் அதைப் பார்த்தார். சரிபாதிக்கு அது பொருத்தம்தான் என்று பட்டதால் ரேகை உருட்ட மைப்பெட்டியை எடுத்து வைத்தார். எந்தக் கட்டைவிரல் என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு கடை நிமிர்ந்தது. நோயாளிகளை அசையாமல் பிடித்துப் பழகிய இடது கை அளவுகோலை அழுத்தினால் அது மயிரிழைகூட நகராது. வார்டிலோ, கண்ணாடியின் கீறலைத் தடவியே கண்டுபிடிக்கும் குட்டை விரல்கள் எவ்வளவு ஒல்லியான கையிலும் நரம்பைக் கண்டுபிடித்தன. குழந்தைகள் வார்டில் அந்த நர்ஸையே கேட்டுக் கூப்பிட்டார்கள். கணவர் மனைவியோடு வெளியே போகும்போது அவளுடைய வலது பக்கமாகவே நடந்தார். லாபம் பிரிக்கும் நாட்களில் இரண்டு பெண்களும் சண்டை போட்டார்கள், சில சமயம் வாரக்கணக்கில் பேசாமலும் இருந்தார்கள். கைகள் வேலையை நிறுத்தவில்லை.

வருடங்கள் போயின. நாத்தனார் ஓய்வு பெற்று, பகலெல்லாம் கடையிலேயே இருக்கத் தொடங்கினார். சட்டத்துக்கு எந்த நிறம் என்று வாடிக்கையாளர்களுக்கு அவர் யோசனை சொல்ல, கண்ணாடிக்காரிக்கு எரிச்சல் வந்தது. அவர் பங்கை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அவளிடம் பணம் சேர்ந்திருந்தது.

"பங்கை நானே எடுத்துக்கட்டுமா அண்ணி?"

"தாராளமா எடுத்துக்கோ. கையையும் சேத்துத்தான் மாத்தணும், யோசிச்சுக்கோ."

இருவரும் மேசைமேல் இடது கைகளை வைத்துப் பார்த்தார்கள். வயதானதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி சுருங்கியிருந்தன. கண்ணாடிக்காரி அந்தப் பணத்துக்கு ஒரு வண்டி கண்ணாடி வாங்கிப் போட்டாள். வண்டி வந்து நின்றபோது தூறல் ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு பலகையாக நான்கு கைகளும் பிடித்து இறக்கின. எது யாருடையது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை.