ஒன்றரைக் கட்டை

மூன்றாம் மாடி மகாராணி தொண்டையைத் திறந்தால் கீழே இருப்பவர்கள் ஜன்னலை மூடுவார்கள். வெறுப்பினால் அல்ல. டிவி கேட்காது, அவ்வளவுதான்.

மகாராணி என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. பாட்டும் நடிப்புமாக வருடக்கணக்கில் ஓடிய மேடை நாடகம் ஒன்றில் நாட்டைப் பறிகொடுத்த ராணியாக வந்து, கடைசிக் காட்சியில் கோட்டை வாசலில் நின்று ஒரு பாட்டுப் பாடுவாள். அதன் உச்சியில் ஓரிடத்தில் அவள் குரல் ஏறி நின்றால், சபையில் இருமிக்கொண்டிருப்பவன்கூட இருமலை விழுங்கிக்கொள்வான். அதற்கு முன்பு அவள் கோரஸில், பின்வரிசையில் மரமாக நின்றவள். கதாநாயகிக்கு அம்மை போட்ட புண்ணியத்தில் மரம் ராணியானது. பேர், புகழ், கொஞ்சம் தலைக்கனம் எல்லாம் அந்த ஒரு பாட்டில் வந்தவை. கொஞ்சம் என்று சொல்வது மரியாதைக்காக.

அவள் வீட்டுக்காரர் அதே நாடகத்தில் கீபோர்டு வாசித்தார். எல்லாருக்கும் அவர் பெட்டிக்காரர். மேடைக்கு முன்னாலிருக்கும் பள்ளத்தில் உட்கார்ந்திருப்பார். "இந்த மனுஷன் அங்க இருக்கிறதே வழுக்கை விழுந்து வெளிச்சம் பட ஆரம்பிச்சப்புறம்தான் ஜனங்களுக்குத் தெரிஞ்சுது" என்று மகாராணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவருக்கு வாய் குறைவு. அவர் பேச வேண்டியதையும் சேர்த்துப் பேச வீட்டில் ஆள் இருந்தது.

குரலுக்கும் முழங்காலைப் போல வயதாகும். முழங்கால் வலித்துச் சொல்லிவிடும். குரல் அதை முதலில் பக்கத்தில் இருப்பவர்களிடம்தான் சொல்லும். உச்சிக்கு ஏறுகிறபோது மகாராணியின் கழுத்து நரம்பு புடைக்க ஆரம்பித்ததைப் பள்ளத்திலிருந்து பார்த்தவர் பெட்டிக்காரர். சொல்லலாம் என்றால் அதற்கு வழியில்லாமல் செய்து வைத்திருந்தாள். கூட நடித்த ஒருத்தி தன் பாட்டைச் சற்றுத் தாழ்ந்த சுருதியில் வைக்கும்படி கேட்டபோது, மேக்கப் அறையில் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்:

"இறக்கிப் பாடறதுக்கு வீட்ல உக்காந்து தாலாட்டு பாடலாம். எனக்கு அப்படி ஒரு நாள் வந்தா, மேடையை விட்டே இறங்கிடுவேன். திரும்பி ஏற மாட்டேன்."

அவள் சொன்னால் செய்கிற ரகம். அன்று கட்டிக்கொண்ட பகையில் அந்தத் தோழியிடம் கடைசிவரை பேசவில்லையே. மேடை இல்லாத மகாராணியைப் பெட்டிக்காரரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காலையில் எழுந்து அவள் என்ன செய்வாள்?

கீபோர்டில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால், விரல்கள் பழைய இடத்திலேயே ஓட, ஒலி மட்டும் சுருதியில் அரைக்கட்டை கீழிறங்கி வரும். ஒருநாள் அதை அழுத்தினார். மற்ற வாத்தியக்காரர்களைத் தனியே அழைத்து டீ வாங்கிக் கொடுத்து அவர்களையும் இறங்கி வரச் செய்தார். மகாராணி அன்று அனாயாசமாகப் பாடினாள். "பாத்தீங்களா, பழுக்கப் பழுக்கத்தான் குரல்" என்றாள். சில வருடம் கழித்து இன்னோர் அரை. பிறகு இன்னொன்று. கொடுத்த சுருதியில் பிசகாமல் நிற்பாள். அது எந்தச் சுருதி என்பதைப் பெட்டிக்காரர் பாடு என்று விட்டிருந்தாள். ஆக ஒன்றரைக் கட்டை இறங்கியிருந்தாள், உச்சியில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டே.

அப்புறம் பெட்டிக்காரருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. மாலை போட்டு, கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே சமயம் நாடகத்தைப் புதிதாகப் போட ஒரு இளம் டைரக்டர் வந்தார். ராணி வேஷத்துக்கு அம்மாதான், ஆனாலும் சும்மா ஒரு தடவை பாடிக் காட்டட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

"புதுப் பொண்ணு ஒண்ணு வாசிக்குமாம்" என்றாள் மகாராணி, கண்ணாடி முன்னால். "உங்க தூங்குமூஞ்சி வாசிப்பு இல்லாம ஒரு நாளாவது பாடிப் பாக்கறேன்."

"நான் வேணா வந்து உக்காரட்டுமா?"

"எதுக்கு? காப்பி டம்ளரே உங்க கையில டான்ஸ் ஆடுது. நான் பாடறதா, அதைப் பாக்கறதா?"

சொல்லிவிட்டு அந்த டம்ளரைத் தானே வாங்கி, அவர் வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தாள். அவள் குணம் அப்படி.

பெட்டிக்காரர் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தார். ரகசியம் பேச இதைவிட மோசமான இடம் அந்தக் கட்டிடத்தில் கிடையாது.

"ஒன்றரைக் கட்டை இறக்கி வாசிம்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். "அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"சரி சார். பொத்தானை அழுத்திட்டா போச்சு. நான் பாத்துக்கறேன்."

இரண்டாம் மாடி டீச்சர், காய்ந்த துணியையே திரும்பக் காயப்போட்டபடி எல்லாவற்றையும் கேட்டார். ஆச்சரியப்படவில்லை. மகாராணியின் பழைய கேசட் அவரிடம் இருந்தது, காதும் இருந்தது. கட்டிடத்தில் பாதிப் பேருக்கு அவர் எப்போதோ சொல்லியாகிவிட்டது.

ஒத்திகை அறைக்குக் கூடவே போன பெட்டிக்காரர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். பெண் முதல் ஸ்வரத்தை வாசித்தாள். நிறுத்தச் சொல்லி அவர் கையைத் தூக்கினார். மகாராணி பாட ஆரம்பித்துவிட்டாள்.

அந்தப் பாட்டு தாழ்ந்த இடத்தில்தான் தொடங்கும். இப்போதோ அது பாதாளத்தில் கிடந்தது. கோட்டை வாசலில் நிற்க வேண்டிய ராணி, பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து முனகினாள். இரண்டாவது வரியில் நிறுத்தினாள்.

"ஏம்மா, இவ்ளோ கீழ வச்சிருக்க? இது பாட்டா, ஒப்பாரியா?"

பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "சார் சொன்ன மாதிரிதான் மேடம். ஒன்றரை இறக்கச் சொன்னாங்க."

"சாரும் சொன்னாரா?" என்றார் டைரக்டர். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூட வாசிச்சவங்க சொன்னாங்கன்னு நானும் அதே ஒன்றரையை இறக்கித்தான் ஸ்வரமே எழுத வச்சேன். பொண்ணுகிட்ட சொல்லல. ரெண்டு தடவை இறங்கிடுச்சு. பரவால்லம்மா, நீங்க வழக்கமா பாடற இடத்துக்கே போயிடலாம்."

"வழக்கமா பாடற இடம்னா?"

டைரக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. மகாராணி கடைசி நாற்காலியைப் பார்த்தாள். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் மடியில் வைத்துக்கொண்டார். அது அங்கேயும் நடுங்கியது.

"யாரும் கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு சுருதி இருந்துச்சில்ல" என்றாள் அந்தப் பெண்ணிடம், மெதுவாக. "அதுல வாசி."

வாசித்தாள். மகாராணி நன்றாகத்தான் ஏறினாள். முதல் படி, அடுத்த படி, வார்த்தை ஒவ்வொன்றும் சுத்தம். அந்த இடம் வந்தது. குரல் உடையவில்லை, பிசிறவில்லை. அங்கே குரலே இல்லை. வாய் திறந்திருந்தது, காற்று வந்தது. பெண் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

மகாராணி புடவையைச் சரிசெய்துகொண்டு, எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்தும் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"கூட வாசிச்சவங்களுக்குத் தெரியும்."

"டைரக்டருக்கும் தெரிஞ்சிருக்கு. அப்போ இந்த டீச்சருக்கும் தெரியும். அதான் படியில பாத்தா ஒரு மாதிரி இளிக்குது." அவர் பக்கம் திரும்பி, "கைதட்டினாங்களே, அது?"

"உனக்குத்தான்மா."

"உங்க பொத்தானுக்கு."

"நீ நிறுத்திடுவியோன்னு பயம். வேற ஒண்ணும் இல்ல."

"நிறுத்தியிருப்பேன். அழுதிருப்பேன். அப்புறம் ஏதாவது தாய் வேஷம் கேட்டு வாங்கியிருப்பேன், வெக்கத்தை விட்டு." அவள் குரல் உயரவேயில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. "செத்தவங்க மூஞ்சியைக்கூடக் கடைசியா ஒரு தடவை காட்டுவாங்க. எனக்கு நீங்க அதைக்கூடக் காட்டலையே."

டைரக்டர் இரண்டு முறை வந்து பார்த்தார். எந்தச் சுருதியானாலும் சரி, எந்த வேஷமானாலும் சரி என்றார். மகாராணி உபசரித்து, அவர் தாயாரின் உடம்பை விசாரித்து, அனுப்பிவைத்தாள். காலைப் பாட்டுச் சாதகம் நின்றது. பாத்திரம் தேய்க்கும்போது முணுமுணுப்பதும் நின்றது. கட்டிடத்தில் எல்லார் வீட்டு டிவியும் எல்லாருக்கும் கேட்டது. வந்த புதிதில் சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுத்த முதல் மாடிக்காரரே, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்று பெட்டிக்காரரை விசாரித்தார். சளி என்றார். மாதக்கணக்கில் அந்தச் சளி குணமாகவில்லை. அவர் மேல் அவள் கோபத்தைக் காட்டவுமில்லை. காப்பி டம்ளரை வாயருகே பிடிப்பாள், பேச்சுதான் இல்லை. திட்டினால் தேவலை என்று ஏங்கிப்போனார் மனிதர்.

நாடகம் வேறொரு பெண்ணோடு அரங்கேறியது. அழைப்பு வந்தது. போக மாட்டாள் என்றுதான் கட்டிடமே பேசிக்கொண்டது. நல்ல பட்டாகக் கட்டிக்கொண்டு, "கிளம்பலாமா?" என்றாள்.

கோட்டை வாசல் வந்தது. புது ராணி பழைய சுருதியில், அசல் சுருதியில் பாடினாள். உச்சியில் ஏறி நின்றாள். அரங்கில் ஒரு இருமல் இல்லை. மகாராணி அவர் பக்கம் சாய்ந்தாள்.

"இவ்ளோ உயரமாவா இருந்துச்சு?"

"ஆமா."

"நான் அங்க நின்னேனா?"

"நின்னே. ரொம்ப வருஷம்."

"கடைசியா எப்போ?"

ஒரு பொய் அவர் வாயில் தயாராக வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"மழை பெஞ்ச ஒரு வெள்ளிக்கிழமை. பாதி நாற்காலி காலி. அதுக்கு அடுத்த ஷோவுலதான் நான் கை வச்சேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனையோ மழையும் எத்தனையோ வெள்ளிக்கிழமையும் இருந்திருக்கும்.

"எனக்கு ஞாபகம் வரலைங்க" என்றாள். "அன்னிக்கு முடிச்சிட்டு நாம என்ன பண்ணோம்?"

அவர் யோசித்தார்.

"ஒண்ணும் பண்ணலம்மா. பஸ்ஸுக்கு நின்னோம். ஒரு குடைதான் இருந்துச்சு. அதுக்கு என்கூடச் சண்டை போட்டே."

பாட்டு முடிந்தது. முன்வரிசைகள் எழுந்து நின்று கைதட்டின. உட்கார்ந்தே இருந்த அவர்கள் இருவருக்கும் மேடை தெரியவில்லை.