மதகு தாண்டாத ஆட்டம்

வெற்றிச்செல்வன் பெரிய கேம் கம்பெனியில் கம்ப்யூட்டரில் தண்ணீர் செய்துகொண்டிருந்தான். கதை ஒருவன், சண்டை ஒருவன், மரம் மட்டை ஒருவன் என்று அங்கே ஆளுக்கொரு துண்டு. இவன் பங்குக்கு அலை, நுரை, சேறு. வருஷக்கணக்கில் அலை போட்டுச் சலித்தவன், "எவனோ காண்ற கனவுக்கு நான் இன்னாத்துக்கு நுரை அடிக்கணும்?" என்று வேலையை உதறிவிட்டு நூம்பல் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துவிட்டான். தனி ஆளாக ஒரு கேம் செய்யப் போகிறானாம். உலகமே திரும்பிப் பார்க்குமாம்.

அவன் மனைவி யுவராணி மறுத்துப் பேசவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவளுக்கு வேலை இருந்தது, குடும்பம் ஓடியது. அவன் ஜெயிக்க வேண்டும் என்று அவளும் மனசார ஆசைப்பட்டாள். தோற்றால், இவன் கண்டபடி ஏசிவிட்டு வந்த கம்பெனி வாசலிலேயே போய் நிற்க வேண்டும். ஆனால் அவன் அலட்டல் இருக்கிறதே, அதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. கம்பெனியில் கேமை ஆடிப் பார்த்துக் குறை சொல்லவென்றே ஒரு கூட்டம் உண்டு. அவர்களுக்கு இவன் வைத்த பெயர் பட்டன் தட்டிகள்.

"நான் ஒருவாட்டி ஆடிப் பாக்கட்டா?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "இது நீ போன்ல ஆடற பழம் வெட்டற கேம் இல்ல ராணி. இது ஆர்ட்டு" என்பான். மகா கலைஞர்! தின்ற தட்டைக் கழுவ மட்டும் கீழே இறங்கி வராத கலைஞர்.

ஒருவழியாகக் கேம் வெளிவந்தது. செம்பரம்பாக்கம் போல ஒரு ஏரி, வெள்ளம். மிதக்கும் பலகைகளில் தாவித் தாவி மதகை அடைய வேண்டும், கதையே அதற்கப்புறம்தான். மறுநாள் காலை, வாங்கி ஆடியவர்கள் எல்லாரும் ஒரே பாட்டாக எழுதியிருந்தார்கள்: தண்ணீர் அபாரம், ஆனால் மதகுக்குப் போகவே முடியவில்லை.

"கையாலாகாத பசங்க. பொறுமைன்னு ஒண்ணு கீதா இவனுங்களுக்கு?" என்றான் வெற்றி.

"சரி, நீ தாண்டிக் காமி" என்றாள் யுவராணி.

இளக்காரமாகச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவன், ஒரு பட்டனைத் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினான்.

"இன்னாய்யா தட்டற?"

"இதத் தட்னா நேரா மதகாண்ட போயி நிக்கும். செய்யறவனுக்குக் குறுக்கு வழி. தெனம் மொதல்லேர்ந்தா ஆடிக்கினு இருக்க முடியும்? வெளிய விடறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன், அத மறந்துட்டேன்."

"அப்போ அந்தப் பலகை மேல நீ ஒருவாட்டியாவது தாண்டிக்கீறியா?"

வெற்றி முதலிலிருந்து ஆட ஆரம்பித்தான். முதல் பலகைக்குத் தாவினான், சரி. இரண்டாவது, சரி. மூன்றாவது எட்டவில்லை. விழுந்தான். மறுபடி தாவினான், மறுபடி விழுந்தான். அவன் போட்ட அலை அழகாக வந்து அவனை மூடியது. அவன் காது சிவந்துவிட்டது.

யுவராணிக்கு முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே ஆற்றாமையாக இருந்தது. பட்டன் தட்டிகளில் ஒருத்தன் இருந்திருந்தால் இதை முதல் நாளே சொல்லியிருப்பான். அட, பழம் வெட்டுகிற இவளே சொல்லியிருப்பாளே!

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அந்தாண்ட போய்ச் சேந்தீன்னா ஒரு போன் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பும் வரைக்கும் போன் வரவில்லை.