பக்கத்தில் இருந்த பாட்டு

தையல்காரி காலையில் கடையைத் திறந்ததும், மெஷினுக்கு எண்ணெய் விடுவதற்கு முன்பே போனில் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவாள். பக்கம் என்றால் சமூக வலைத்தளத்தில் அவள் நடத்தும் பக்கம். அதில் எழுத்து குறைவு, எல்லாம் கைகள்தான். காது கேளாதவர்களுக்கான ஒரே பள்ளியில் படித்து நாலா திசையிலும் சிதறிப்போனவர்கள், தங்கள் சைகைகளைப் படம் பிடித்து அங்கே போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தப் பள்ளியை இழுத்து மூடி ரொம்ப காலமாகிறது. நடந்த வரைக்கும் அங்கே கையை அசைத்தால் விரல் முட்டியில் ஸ்கேலால் ஒரு போடு போடுவார்கள். உதட்டைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். பிள்ளைகள் சும்மா இருக்குமா? மேசைக்கு அடியில் சொந்தமாக ஒரு மொழியையே வளர்த்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்கள் சைகை, ஷூவைத் துடைப்பது. அன்றைக்குத்தான் வீட்டிலிருந்து ஆள் வரும், ஷூ பளபளக்க வேண்டும். வேறு பள்ளியில் படித்தவருக்கு இது சத்தியமாகப் புரியாது. எழுதி வைக்கவும் வழியில்லை. பக்கம் போனால் மொழியும் போச்சு.

அந்த மொழியில் தையல்காரியின் பெயர் 'புருவம்'. கேள்வி கேட்கும்போது எல்லோரும் புருவத்தைத் தூக்குவார்கள், இவள் எப்போதும் தூக்கியே வைத்திருப்பாள். அவள் தங்கை 'கன்னக்குழி'. அவளும் அதே பள்ளிதான். போன வருஷம் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் அதிகம் இருப்பவள் அவள்தான். துணி வெட்டும் மேசையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, கை ஓயாமல் பழைய கதை பேசுவாள். வேலை இல்லாத மதியங்களில் வெயில் துணிக்குவியல்மேல் சரிந்து வரும்போது, புருவம் அந்தப் படங்களைப் பார்த்தபடியே கண் சொருகிப்போவாள். விழித்தால் தங்கை இன்னும் பேசிக்கொண்டிருப்பாள். எது கனவு, எது கடை என்று பிரித்துப் பார்க்க அவள் மெனக்கெட்டதே இல்லை.

ஒரு நாள் அறிவிப்பு வந்தது. 'உங்கள் காணொளியில் பிறருக்கு உரிமையுள்ள பாடல் இருப்பதால் நீக்கிவிட்டோம்.' மறுநாள் இன்னொரு படம் காணாமல் போனது. மூன்றாவது முறையானால் பக்கத்தையே எடுத்துவிடுவோம் என்று அடியில் ஒரு வரி.

அவளோடு படித்த பேக்கரிக்காரரை வீடியோவில் கூப்பிட்டாள். அவர்கள் கையால் பேசியதை வாயால் பேசியதுபோல எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

"பாட்டா? நம்மகிட்டயா?" பேக்கரிக்காரர் மாவுக் கையை உதறினார். "எந்தப் புண்ணியவான் பாடினான்?"

"நீதான் பாடியிருப்ப. மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது."

சிரித்து முடித்த பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பக்கத்துக் கடை இஸ்திரிக்காரர் தலையை ஆட்டி ஆட்டித்தான் துணி தேய்ப்பார். பாவம், மனுஷனுக்கு நரம்புக் கோளாறு என்று இத்தனை வருஷமாக அக்காவும் தங்கையும் இரக்கப்பட்டிருந்தார்கள். புருவம் எட்டிப் பார்த்தாள். அலமாரிமேல் ரேடியோ.

போனில் இடம் வேண்டுமென்று படங்களைப் போட்ட கையோடு அழித்துவிடுவது அவள் வழக்கம். தங்கை இப்போது அந்தப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தாள். தேடித் தேடி 'ஒலியை நீக்கு' என்ற பொத்தானைக் கண்டுபிடித்தாள். நீக்கினால் திரும்ப வராது என்று அது எச்சரித்தது. வராவிட்டால் போகட்டும், நமக்கெதற்கு ஒலி? பிசிறு நூலைக் கத்தரிப்பதுபோல ஒவ்வொரு படத்திலும் கத்தரித்துக்கொண்டே போனாள். பக்கம் பிழைத்தது. எல்லோரும் இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டிக் கைதட்டுப் படம் அனுப்பினார்கள்.

அந்த வாரக் கடைசியில் தங்கை மகள் தோள்பையோடு கடைக்குள் வந்து நின்றாள். வேறு ஊரில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். காது நன்றாகக் கேட்கும். கைப்பேச்சு தாய்ப்பாலோடு வந்தது.

"என்ன பண்ணீங்க பெரியம்மா?"

"காப்பாத்திட்டேன்டி. பாரு, மிச்சத்துல ஒண்ணுகூட போகல."

"அம்மா சத்தம் போயிடுச்சு."

புருவம் சிரித்தாள். "உங்கம்மாவுக்கு ஏதுடி சத்தம்?"

தங்கை மகள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே பேசியதில் சைகைகள் குழறின. "அம்மா கையால பேசும்போது உள்ளுக்குள்ள ஒரு சத்தம் வரும். சின்ன வயசுல என்னைத் தூங்க வைக்கிறப்பவும் வரும். அம்மாவுக்கே தெரியாது. சொன்னா வெட்கப்பட்டு நிறுத்திடுவாங்கன்னு நானும் சொல்லல. வீடியோல ரேடியோ ஒரு பக்கம் கத்தும். அதுக்கு அடியில அம்மா இருப்பாங்க. அதைக் கேட்டுட்டேதான் படுப்பேன்."

பக்கம் நம்மவர்களுக்கு என்றே புருவம் நினைத்திருந்தாள். இந்தப் பெண் நம்மவளா, அவளுக்கும் அதில் ஏதாவது இருக்குமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. காப்பாற்றுகிறேன் என்று தங்கையைத் தன் கையாலேயே இன்னொரு முறை அனுப்பிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

"எப்படி இருக்கும் அது?" என்று கடைசியில் கேட்டாள்.

மகளுக்கு அதற்குச் சைகை தெரியவில்லை. அந்த மொழியில் அதற்கு ஒன்று இல்லவே இல்லை. பெரியம்மாவின் உள்ளங்கையை இழுத்துத் தன் தொண்டைக்குழிக்குக் கீழே வைத்து அழுத்தி, வாயை மூடிக்கொண்டாள். கைக்குள் ஏதோ மெல்ல அதிர்ந்தது. நின்று, மறுபடி அதிர்ந்தது.

புருவத்துக்குக் கடையும் வெயிலும் எங்கோ விலகிப்போயின.

"இது எனக்குத் தெரியும்," என்று மற்றக் கையால் சொன்னாள். "ஹாஸ்டல்ல ஒரே கட்டில்ல முதுகோட முதுகு ஒட்டிப் படுப்போம். தினமும் அவ முதுகு இப்படித்தான் இருக்கும். குளிர்ல நடுங்குறான்னு நினைச்சு என் போர்வையையும் எடுத்து அவ மேல போர்த்திடுவேன்."

மகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "பாடிட்டு இருந்திருக்காங்க பெரியம்மா."

புருவம் உள்ளங்கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை," என்றாள்.