கொக்கி என் பையில்

லாரி ரிவர்ஸில் வரும் 'பீப் பீப்' சத்தம் சந்துக்குள் கேட்டபோது, அவள் தலை காரின் டிக்கிக்குள் இருந்தது. ஷாம்பு கேன்கள், ஈரத் துண்டுகள், நாய்ச் சங்கிலிகள். இரண்டு கைகளாலும் வாரித் தள்ளினாள். அதற்கெல்லாம் அடியில் விரிப்பு. விரிப்புக்கு அடியில்தான் வண்டியைக் கட்டி இழுக்க உதவும் இழுவைக் கொக்கி.

சத்தம் நின்றது.

டிக்கியை அறைந்து சாத்தினாள். கைப்பையை மார்போடு அணைத்தபடி ஷெட் வாசலுக்கு வந்தாள்.

கொழுந்தன் லாரியிலிருந்து குதித்தான். "சாவியைக் கொடுங்க அண்ணி."

"முடியாது."

"அப்பா வாங்கின வண்டி. குடும்பத்தோட ஜம்முனு போய்வரணும்னு கப்பல்ல இறக்கினது. நீங்க பின்னால இரும்பை மாட்டி, ஊர் நாயையெல்லாம் குளிப்பாட்டுற டிரெய்லரை இழுத்துக்கிட்டுத் திரியறீங்க. மானம் போகுது!"

"குளிக்கிற நாய்க்கே போகலை, உங்களுக்கு ஏன் போகுது? அந்த டிரெய்லர்தான் என் பொழப்பு. வண்டி போயிட்டா அது வெறும் தகரப் பெட்டி."

"சாவி இல்லாட்டி என்ன? இழுத்து ஏத்திக்கறோம்."

லாரிக்காரர் இரும்புக் கயிற்றோடு குனிந்து, முன் பம்பரில் இருந்த சின்ன மூடியை நெம்பினார். உள்ளே மரை போட்ட ஓட்டை மட்டும்தான்.

"சார், இதுல திருகுற கொக்கி வேணும். வண்டியோடவே கொடுத்திருப்பாங்களே?"

"எங்க அண்ணி அது?"

"என் பையில."

அவன் கை நீண்டது.

"தொட்டுப் பாரு."

அவள் குரல் உயரவேயில்லை. எதிர் மாடியில் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. நீண்ட கை சட்டைப் பாக்கெட்டுக்குள் போய் ஒளிந்தது.

கொழுந்தன் தரையில் படுத்து வண்டிக்கடியில் பார்த்தான். "இதோ ஒரு வளையம் இருக்கே! இதுல மாட்டுங்க."

"அது கப்பல்ல வண்டி ஆடாம கட்டி வைக்கறதுக்கு. இழுத்தாப் பிஞ்சுடும். பின்னால இருந்ததை இழுத்து நானே ஒரு தடவை பிச்சுட்டேன்."

"பார்றா, அண்ணி மெக்கானிக் ஆயிட்டாங்க!"

மாட்டினார்கள். மோட்டார் உறுமியது. பூட்டிய சக்கரங்கள் அசைய மறுத்தன. கயிறு முறுகியது, வளையம் நீண்டது...

டமார்!

வளையத்தோடு பம்பரில் பாதியும் பிய்ந்து தொங்கியது. மாடி ஜன்னலில் யாரோ சிரித்தார்கள்.

லாரிக்காரர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். "நாளைக்கு இதை என் தலையில கட்டுவீங்க. ஆளை விடுங்க சார்."

"அப்பாகிட்ட நான் என்ன சொல்றது?" கொழுந்தனின் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"நீ உடைச்சதைச் சொல்லு. வேணும்னா அவரையே நேர்ல வரச் சொல்லு. அவருக்கும் இதே பதில்தான்."

லாரி சந்து திரும்பும்வரை அவள் நகரவில்லை. அப்புறம்தான் கைப்பையைத் தோளில் மாட்டினாள். பின்பக்கம் போனாள். கேன்களை இறக்கி, விரிப்பைத் தூக்கினாள்.

கொக்கி அதன் குழியிலேயே கிடந்தது. டிக்கியை அவள் பூட்டியிருக்கவேயில்லை.