சாம்பல் திட்டு

பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தாறு வருஷம் உழைத்த என் அப்பா பீம்ராவ் ஓய்வு பெற்ற மறு ஞாயிற்றுக்கிழமை, அவரைப் படகு சவாரிக்கு அழைத்துப் போக முடிவு செய்தேன். என் ஆபீசில் சிரித்தார்கள். படகென்றால் முட்டுக்காடாம், எண்ணூரில் மூக்கைப் பொத்திக்கொண்டு எதைப் பார்ப்பதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்றமடித்தாலும் அது எங்கள் பக்கத்து ஆறு.

அங்கம்மாவின் படகைப் பேசி வைத்தேன். மற்ற நாட்களில் அவள் ஆற்றில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். முகத்துவாரத்திலிருந்து கொசஸ்தலை ஆற்றில் மேலே போனோம். அவசரமில்லை என்றதும் மெதுவாகக் கழியை ஊன்றித் தள்ளினாள். பின்னால் திருவொற்றியூர்ப் பக்கம் நகரம் புகைக்குள் கிடந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஒரு கம்பெனியின் குழாய்ப் பாலத்தருகே, மோட்டார் படகில் இரண்டு காவலாளிகள் வந்து மறித்தார்கள். இன்று முதல் இதற்கு மேல் யாரும் போகக் கூடாதாம். ஆறு கம்பெனி எல்லைக்குள் வருகிறதாம். அங்கம்மாவின் முகம் சுண்டிப்போனது. அவளுக்கும் அவளோடு இறங்கும் பத்துப் பெண்களுக்கும் மேலேதான் இறால். இன்று திரும்பினால் நாளை அந்த வழி கிடையாது. எங்களை வைத்துக்கொண்டு தகராறு எதற்கென்று படகைத் திருப்பப் பார்த்தாள்.

"எங்களுக்காவத் திருப்பாதம்மா," என்றார் அப்பா. "உன் ஆறு, நீ போ."

அவள் கழியை இடப்பக்கம் ஊன்றி, அவர்களைச் சுற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினாள். அங்கே, குழாய் கசிந்து வருஷக்கணக்காகக் கொட்டிய நிலக்கரிச் சாம்பல் ஆற்றுக்குள் திட்டாகக் கிடந்தது. அதன்மேல் முழங்கால் தண்ணீர்கூட இல்லை. மூவரும் இறங்கித் தள்ளினோம். என் புதுச் சேலை நாசமாய்ப் போனது. ரயில் பெட்டி தள்ளிய தோளை அப்பா கொடுத்தார். படகு அந்தப் பக்கம் ஆழத்தில் இறங்கியது.

அணைத்த மோட்டாரைத் தாமதமாகக் கிளப்பித் துரத்தி வந்த காவலாளிகளின் படகு திட்டின்மேல் ஏறி உட்கார்ந்தது. மோட்டார் சாம்பலைக் கக்கிவிட்டு நின்றது. கொட்டியவர்களுக்கு எங்கே கொட்டினோம் என்று தெரியவில்லை. நான் வெட்கமில்லாமல் வாய்விட்டுச் சிரித்தேன்.

இன்னும் மேலே போய், அலையாத்தி மர நிழலில் கறிச்சோறு சாப்பிட்டோம். அப்பா ஒரு குட்டித் தூக்கம் போட்டார். மாலையில் திரும்பும்போது தண்ணீர் இன்னும் வற்றியிருந்தது. காவலாளிகள் இருவரும் சாம்பல் சேற்றில் நின்று படகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் படகை நாங்கள் இழுத்துத் திட்டைக் கடந்ததும், மூத்தவன் கயிறு கேட்டான். காலையில் இருந்த அதிகாரம் குரலில் இல்லை.

அங்கம்மா கயிற்றை எடுத்தாள், வீசவில்லை.

"இஸ்து வுடறேன் சார். காலைல பத்து பொம்பளைங்கள இட்டுகினு இதே வழியா வருவேன். குறுக்க நிக்கக் கூடாது."

அவன் தலையை ஆட்டினான்.

"வாயத் தொறந்து சொல்லு சார்."

சொன்னான். அதற்குப் பிறகுதான் கயிறு போனது.