திரும்பாத தலை

உதறாமல் இயந்திரத்தில் போட்டால் மணல் வடிகாலை அடைத்துக்கொள்ளும். அதனால் அந்தக் கடற்கரை ஓட்டலின் சலவை அறையில் எந்தத் துண்டும் அண்ணியின் கையில் இரண்டு உதறல் வாங்காமல் உள்ளே போகாது. உண்மையில் அவள் அங்கே ஒருத்திக்குத்தான் அண்ணி. மணலில் துண்டு பொறுக்கும் நாத்தனார் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஓட்டல் முழுக்க அதே பெயர் நிலைத்துவிட்டது.

“பாதிக் கடற்கரையை நான்தான் வாளியில அள்ளிக் கொட்டியிருக்கேன்” என்று அவள் பெருமையடிப்பதுண்டு. ஆனால் பதினோரு வருஷத்தில் அந்தக் கடற்கரையைப் பட்டப்பகலில் ஒருநாளும் பார்த்ததில்லை. இருட்டோடு பின்வாசல் வழியே வந்து இருட்டோடு போகிறவள்.

அன்று மதியம் உதறியபோது மணலோடு ஏதோ தரையில் விழுந்து தெறித்தது. குனிந்து எடுத்தாள். புளியங்கொட்டை அளவில், தோல் நிறத்தில், மெல்லிய குழாய் வாலோடு ஒரு காது மிஷின். அடுத்த கூடையோடு வந்த நாத்தனாருக்கு அதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

“எங்கேர்ந்து எடுத்த?” என்றாள் அண்ணி.

“கடைசி வரிசை, லைஃப்கார்டு கோபுரத்துக்குக் கிட்ட. சுருட்டி வச்சிருந்துச்சு அண்ணி, சத்தியமா. விரிச்சிருந்தா ஆள் வருவாங்க, சுருட்டியிருந்தா சலவைக்குன்னுதானே நமக்குச் சொல்லி வச்சிருக்காங்க?”

“மணல் படக்கூடாதுன்னு சுருட்டியிருக்காங்க. உன் சட்டம் அவங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கிட்டேன். மூணாவது வந்தா வீட்டுக்குத்தான். பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?”

“அழறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழு. இது துவைச்ச துணி.” அண்ணி மிஷினை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். “நீ வெறுங்கையோட அலைஞ்சாலே சூப்பர்வைசருக்கு மூக்கு வேர்த்துடும். நீ இங்க உதறு, நான் போறேன். சலவைக்காரியை எவன் பார்க்கப் போறான்?”

கதவைத் திறந்தாள். வெயில் கன்னத்தில் அறைந்தது.

கடல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு பகிரங்கமாக இருக்கும் என்று தெரியாது. எண்ணெய்க் கறை, ஐஸ்கிரீம் கறை என்று அவள் துண்டுகளில் மட்டும் அறிந்திருந்த உடம்புகள் எல்லாம் அங்கே எழுந்து நடந்துகொண்டிருந்தன. வீறிட்டு அழுத குழந்தை ஒன்று, நுரை பாதத்தைத் தொட்டதும் அழுகையை மறந்து வாயைத் திறந்தபடி நின்றது. ஒற்றைக்கால்காரன் ஒருவன் ஊன்றுகோலை மணலில் நட்டுவிட்டு, இரண்டு நண்பர்களின் தோளில் கைபோட்டுக் குதித்துக் குதித்து அலைக்குள் போனான். அந்தக் கோல் தனியாக நின்றது, முளைத்த செடி மாதிரி. பார்க்கிற இடமெல்லாம் கண்ணாடி, செருப்பு, போன், கழற்றி வைத்த கடிகாரம். காவலுக்கு ஆளில்லை. வீட்டில் பீரோவுக்கு இரண்டு பூட்டுப் போடுகிறவள் அவள். இத்தனை பேர் எதை நம்பி எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டுவிட்டுத் தண்ணீருக்குள் போகிறார்கள்?

கடைசி வரிசையில், துண்டு கிடந்த சாய்வுக் கட்டில் காலியாக இருந்தது. கோபுரத்தின் கீழே நின்று குரல் கொடுத்தாள்.

“தம்பி, தண்ணியில காது கேக்காதவங்க யாராச்சும் இருக்காங்களா?”

“தண்ணிக்குள்ள போனதும் இங்க யாருக்குக்கா காது கேக்குது?”

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். “ஒருதடவை ஊது. கேக்குறவங்க திரும்புவாங்க.”

லைஃப்கார்டு ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு விசிலை வாயில் வைத்து நீளமாக ஊதினான்.

கடல் முழுக்கத் தலைகள் திரும்பின. சின்னதும் பெரியதுமாக, நனைந்தும் நனையாமலும், ஆயிரம் முகங்கள் ஒரே நேரத்தில் அவள் பக்கம். பிறந்ததிலிருந்து அவளை அத்தனை கண்கள் பார்த்ததில்லை. அந்த ஆயிரத்துக்கு நடுவே ஒரு வெள்ளைத் தலை மட்டும் திரும்பவில்லை. கிழவர் ஒருவர் மல்லாந்து மிதந்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செருப்பைக் கழற்றிப் போட்டாள். சீருடையோடு இறங்கினாள். அலை முழங்காலில் மோதி, இடுப்புக்கு ஏறியது. பதினோரு வருஷம் அவள் உதறித் தள்ளிய மணல், இப்போது அவள் பாதத்துக்கு அடியிலிருந்து தன்னை உருவிக்கொண்டு ஓடியது. மூடிய கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கிழவர் திடுக்கிட்டு எழுந்து நின்றார். அவள் காதைத் தொட்டுக் காட்டி, கையை விரித்தாள். புரிந்ததும் அவளோடு கரைக்கு நடந்தார். தன் தோளில் கிடந்த சலவைத் துணியைக் கொடுத்தாள். காதைத் துடைத்து மிஷினை மாட்டிக்கொண்டார்.

“துண்டுக்குள்ள பத்திரமா வச்சிருந்தேனே?”

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. சுற்றிலும் காவலில்லாமல் கிடந்த கடிகாரங்களைப் பார்த்தாள்.

“துண்டைச் சுருட்டி வச்சா இங்க சலவைக்குன்னு அர்த்தங்கய்யா. என் நாத்தனார் எடுத்துட்டா. நீங்க புகார் சொன்னா அவளுக்கு வேலை போயிடும்.”

அவர் கடலைப் பார்த்தார். “எல்லாரும் எதுக்கு என்னையே பாக்குறாங்க?”

“உங்களுக்காகத்தான் விசில் அடிச்சாங்க.”

“அப்படியா?” கிழவரின் தோள்கள் சிரிப்பில் குலுங்கின. “எனக்கு எதுவும் கேக்கலையே. கேக்காதவன் எங்க போயி என்னன்னு புகார் சொல்லுவான்?”

பிறகு மிஷினைக் கழற்றி அவள் கையிலேயே வைத்தார். “இன்னும் கொஞ்ச நேரம் மிதக்கணும். அங்க படுத்தா என் நெஞ்சு அடிக்கிறது மட்டுந்தான் கேக்குது. நீ வச்சிரும்மா.” பதிலுக்குக் காத்திராமல் தண்ணீருக்குள் போனார்.

சலவை அறைக் கதவருகே நாத்தனார் எட்டி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. அண்ணி மூடிய கையை உயர்த்தி, பயமில்லை என்று ஆட்டினாள். பிறகு ஈரச் சீருடையோடு மணலில் உட்கார்ந்தாள். பெயர்கூடத் தெரியாத ஒருவருடைய காது அவள் கைக்குள் இருந்தது. அலை வந்தது, போனது, மறுபடி வந்தது. அவர் எப்போது கரையேறுவாரோ, அதுவரைக்கும் அவள் எழுந்திருப்பதாக இல்லை.